இது என்ன மாதிரிக் கதை?

1896ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஒரு கூந்தல் தைலக் கம்பெனி சிறுகதைப் போட்டி வைத்தது. தைலத்தின் பெயர் குந்தலீன். முதலாளி ஹேமேந்திர மோகன் போஸ். கதைக்குள் தைலத்தின் பெயர் எங்காவது வந்தாக வேண்டும், ஆனால் விளம்பரம் மாதிரித் தெரியக் கூடாது என்பது நிபந்தனை. பரிசை வென்ற கதையை அனுப்பியவர் தன் பெயரைப் போடவில்லை. அவர் பிரசிடென்சி கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் ஜகதீச சந்திர போஸ்.

'நிருத்தேஷேர் காஹினி' என்ற அந்தக் கதையில் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கப்போகிறது என்று வானிலைத் துறை அறிவிக்கிறது. ஊரே நடுங்கிக்கொண்டு காத்திருக்கிறது. புயல் வரவில்லை. அது எங்கே போயிற்று என்று விஞ்ஞானிகள் ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். உண்மை தெரிந்தவர் ஒரே ஒருவர். காய்ச்சலில் முடி கொட்டிப்போய், உடம்பு தேற இலங்கைக்குக் கப்பலேறியவர் அவர். நடுக்கடலில் புயல் சூழ்கிறது. எண்ணெய் அலையை அடக்கும் என்று எப்போதோ படித்தது நினைவுக்கு வருகிறது. மகள் கொடுத்தனுப்பிய குந்தலீன் புட்டியைக் கடலில் வீசுகிறார். புயல் முடிந்தது.

இதில் இயற்பியல் இருக்கிறது, கடற்பயணம் இருக்கிறது, அரசாங்கத்தின் வானிலை அறிக்கை மீது கேலி இருக்கிறது, கடைசியில் ஒரு தலைமுடித் தைலமும் இருக்கிறது. வங்க மொழியின் முதல் அறிவியல் கதைகளில் ஒன்றாக இன்று இதை வைத்துப் பேசுகிறார்கள். 1921இல் திருத்திய வடிவில், வேறு தலைப்பில், போஸின் 'அவ்யக்த' தொகுப்பில் சேர்ந்தது. ஆனால் முதலில் இதை வாங்கியவர் ஒரு தைல வியாபாரி. 'இது எந்த வகைக் கதை' என்ற கேள்வியே அவருக்கு எழவில்லை. அவர் கேட்டது ஒரு கதை. அதில் தன் புட்டி.

அந்தக் கேள்வியை இன்று நேரில் கேட்க வேண்டுமானால், ஜனவரிக் கடைசியில் கொல்கத்தாவின் சால்ட் லேக்குக்குப் போகலாம். கருணாமயி மெட்ரோவில் இறங்கினால் கூட்டமே வழி காட்டிவிடும். சர்வதேசக் கொல்கத்தா புத்தகக் கண்காட்சி 1976இல் தொடங்கியது; நம் சென்னைக் கண்காட்சியைவிட ஒரு வயது மூத்தது. முப்பது ஆண்டுகள் நகரின் நடுவே இருக்கும் மைதானத்தில் நடந்தது. சுற்றுச்சூழல் வழக்கில் உயர் நீதிமன்றம் தடுத்த பிறகு 2007இல் சால்ட் லேக் விளையாட்டரங்க வளாகத்துக்கு வந்தது. பிறகு பைபாஸ் சாலையின் மிலன் மேளாவில் சில ஆண்டுகள். 2018 முதல் மறுபடி சால்ட் லேக், சென்ட்ரல் பார்க் மைதானம். அண்மை ஆண்டுகளில் ஒரு கண்காட்சிக்கு இருபது லட்சம் பேருக்கு மேல் வந்திருக்கிறார்கள். சால்ட் லேக்கோ உப்புச் சதுப்பை ஹூக்ளி ஆற்று வண்டலால் மேடாக்கி, யுகோஸ்லாவியக் கட்டடக் கலைஞர் தோப்ரிவோயே தோஷ்கோவிச் வரைந்த திட்டப்படி, செக்டார் செக்டாராக, ஏஏ, பிஏ, டிடி என்று பிளாக் பிளாக்காகப் பிரித்துக் கட்டிய ஊர். கதைகளை அறை பிரிக்கக் கூடாது என்று வாதாட இதைவிடப் பொருத்தமில்லாத இடம் கிடையாது.

கண்காட்சிக் கடையில் ஒரு புத்தகம் கைமாறும் விதத்தைக் கவனித்தால் சிக்கல் எங்கே இருக்கிறது என்று தெரியும். வருகிறவர் புத்தகத்தை எடுக்கிறார், அட்டையைப் பார்க்கிறார், புரட்டிப் பின்னட்டையில் இரண்டு வரி படிக்கிறார், விலையைப் பார்க்கிறார். பின்னால் வருகிற கூட்டம் முட்டுகிறது. "தாதா, இது துப்பறியும் கதையா, பேய்க் கதையா?" என்று கேட்கிறார். கல்லாவில் நிற்கும் பையனுக்குக் கிடைப்பது ஒரு மூச்சு விடும் நேரம். 'துப்பறிவதுதான், ஆனால் நடுவில் ஒரு ஆவி வரும், அது உண்மையில் நக்சல் கால அரசியல், கடைசியில் கொஞ்சம் அறிவியல்' என்று அவன் தொடங்கினால், வாக்கியம் முடிவதற்குள் அவர் அடுத்த கடையில் இருப்பார்.

பல வகை கலந்த நாவல் பதிப்பாளர் மேசையில் தடுமாறுவது இதனால்தான். அவருக்குக் கதை பிடிக்காமல் இல்லை. பிடித்ததை அவர் விற்பனையாளரிடம் சொல்ல வேண்டும், விற்பனையாளர் கடைக்காரரிடம், கடைக்காரர் வாசகரிடம். மூன்று வாய் மாறியும் சிதையாத ஒரு வாக்கியம் வேண்டும். கலப்பு என்பது எழுதுகிறவருக்குச் சிரமமில்லை. நல்லதங்காள் கதையையும் விக்கிரமாதித்தனையும் கேட்டு வளர்ந்த வாசகருக்கு அது புதிதுமில்லை. அதற்கு ஒரு கூப்பிடு பெயர் வைப்பதில்தான் வியாபாரம் முட்டி நிற்கிறது.

வங்காளம் இதை நீண்ட காலம் தன் போக்கில் சமாளித்தது. அங்கே நாவலை முதலில் வாங்குவது பெரும்பாலும் புத்தகப் பதிப்பாளர் இல்லை, துர்கா பூஜை மலரின் ஆசிரியர். முழு நாவலையே மலரில் அச்சிடுவார்கள். அது ஓடிய பிறகுதான் புத்தகம், கண்காட்சி எல்லாம். மலரை வாங்குகிறவர் கதையின் வகையைக் கேட்பதில்லை. யார் யார் எழுதியிருக்கிறார்கள் என்று அட்டையைப் பார்க்கிறார். தமிழில் தீபாவளி மலர்கள் ஒரு காலத்தில் இப்படி இருந்தன, ஆனால் நாவலைச் சுமக்கும் அளவுக்கு அவை பருத்ததில்லை.

பிரேமேந்திர மித்ராவின் கனாதா 1945இல் அப்படி ஒரு பூஜா மலரில்தான் பிறந்தார். 72, வனமாலி நஸ்கர் சந்தில் ஒரு மெஸ். அதில் ஓசி சிகரெட் பிடித்துக்கொண்டு வாடகையும் ஒழுங்காகத் தராமல் வாழ்கிறவர் கனாதா. உலகத்தின் எல்லா மூலைகளிலும் தான் செய்த சாகசங்களை அளந்துவிடுவார். முதல் கதையின் பெயரே 'மஷா', அதாவது கொசு. பூச்சியியல், பூகோளம், வரலாறு, பச்சைப் பொய் நான்கும் ஒரே மூச்சில் வரும். இதை என்ன வகை என்று சொல்வது? யாரும் சொல்லவில்லை. 'கனாதா கதை' என்றார்கள், போதுமாக இருந்தது.

சத்யஜித் ராயும் அதே வழியில் போனார். தாத்தா தொடங்கிய 'சந்தேஷ்' இதழை 1961இல் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயுடன் சேர்ந்து மறுபடி கொண்டுவந்தபோது, பக்கத்தை நிரப்ப ஆள் தேவைப்பட்டது; பேராசிரியர் ஷொங்கு வந்தார். ராக்கெட் கட்டுகிற, நாட்குறிப்பு எழுதுகிற, நியூட்டன் என்ற பூனை வளர்க்கிற கிரிடீ ஊர்க்காரர். நான்கு ஆண்டு கழித்து ஃபெலுதா. 1970 முதல் ஃபெலுதா நாவல்கள் 'தேஷ்' பூஜா மலருக்குப் போயின. அவற்றில் பாதி துப்பறிதல், பாதி சுற்றுலா. காங்டாக், ஜெய்சல்மேர் என்று ஊர் ஊராகப் போகும். முற்பிறவி நினைவுள்ள சிறுவனை நடுவில் வைத்து 'சோனார் கெல்லா' எழுதியபோது, துப்பறியும் கதைக்குள் அமானுஷ்யம் எப்படி வரலாம் என்று எவரும் கணக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. பாத்திரத்தின் பெயரே வகையின் பெயராகிவிட்டது. சரதிந்து பந்தோபாத்யாய் இன்னும் குறும்பர்: தன் துப்பறிவாளர் பியோம்கேஷ் பக்ஷியையும், தன் பேய்க் கதைகளின் நாயகர் பரதாவையும் ஒரே கதையில் எதிரெதிரே உட்காரவைத்தார்.

அத்ரீஷ் பர்தன் வேறு மாதிரி ஆள். அறிவியல் கதைக்கு வாசகர் இல்லை என்று பதிப்பாளர்கள் சொன்னால் வாசகரை உண்டாக்கிவிடுவது என்று கிளம்பினார். 1963இல் 'ஆஷ்சர்ய' என்ற மாத இதழ். அறிவியல் கதைக்கு 'கல்பவிஞ்ஞான்' என்ற பெயர். 1966இல் அறிவியல் புனைவுத் திரைப்படக் கழகம், அதற்குத் தலைவர் ராய். அந்த இதழ் எழுபதுகளைத் தாண்டி நிற்கவில்லை. ஆனால் அவர் வைத்த பெயர் நின்றது. அதன் கீழ் எவ்வளவு கற்பனையும் எவ்வளவு குறைந்த விஞ்ஞானமும் இடம்பெறலாம் என்பதே அதன் வசதி.

அடுத்துச் சொல்ல வேண்டியவர் சீர்ஷேந்து முகோபாத்யாய். மிகவும் சுவாரசியமான உதாரணமும் இவர்தான். சாகித்திய அகாதெமி விருது வாங்கிய, கனமான குடும்ப நாவல்கள் எழுதிய கை. சிறுவர்களுக்கு 'ஆனந்தமேலா'வில் எழுதத் தொடங்கியபோது சட்டென்று அவிழ்ந்துகொண்டது. 'மனோஜ்தேர் அத்புத் பாடி'யும் அதற்குப் பின் வந்தவையும் ஒரு மொஃபசல் ஊரில் நடக்கும். ஊரில் திருடனுக்குத் திருட்டே வராது. பேய் மனிதனைக் கண்டு பயப்படும், அல்லது கணக்குப் பாடத்தில் உதவும். மூலையில் ஒரு விஞ்ஞானி எதையோ கிளறிக்கொண்டிருப்பார். காணாமல் போன இளவரசன், கொள்ளைக்காரன், பொக்கிஷம், வேற்றுக்கிரகவாசி எல்லாம் ஒரே தெருவில் நடமாடும். ஆனந்தா பதிப்பகம் இவற்றைப் பேய், அறிவியல், நகைச்சுவை என்று பிரிக்கப் பார்க்கவில்லை. 'அத்புதுரே' வரிசை என்று மொத்தமாகப் பெயரிட்டு அடுக்கிவிட்டது. விசித்திரமானவை என்று பொருள். 'பூத்' என்ற பேயும் அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. பதிப்பாளர் செய்ய வேண்டிய வேலையைப் பதிப்பாளர் செய்த அபூர்வமான சந்தர்ப்பம் இது.

அவரே பெரியவர்களுக்கு எழுதிய 'கய்னார் பாக்ஷோ'வைப் பாருங்கள். பாலவிதவையாக வாழ்ந்து செத்த பிஷிமா (அத்தை), தன் நகைப்பெட்டியைக் காக்க ஆவியாகத் திரும்பி, வீட்டுக்கு வந்த புது மருமகளைப் பிடித்துக்கொள்கிறாள். ஆவி வசைபாடுகிறது, பொறாமைப்படுகிறது, மருமகளைக் கெட்டுப்போகச் சொல்லித் தூண்டுகிறது. சிரிப்பு வராமல் ஒரு பக்கம் நகராது. ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில், ஆசையையும் சாப்பாட்டையும் சேர்த்துப் பறிகொடுத்த ஒரு விதவையின் கோபம் கனன்றுகொண்டிருக்கிறது. நகையையே முதலாக்கிப் புடவைக் கடை வைக்கிற பெண்ணின் பொருளாதாரமும் இருக்கிறது. 2013இல் அபர்ணா சென் இதைப் படமாக எடுத்தார். மௌசுமி சாட்டர்ஜி பேயாக வந்தார். கடைக்காரர் 'ஒரு பேய்க் கிழவியின் நகைப்பெட்டி' என்று சொல்லி விற்றுவிடலாம். மீதியை வாசகர் வீட்டுக்குப் போய்த் தெரிந்துகொள்வார். இந்தத் தந்திரத்தில் ஏமாற்று எதுவும் இல்லை. ஒரு இழையை முன்னால் பிடித்து நீட்டுகிறார்கள். மற்ற இழைகள் அதோடு சேர்ந்தே வருகின்றன.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. ஷொங்குவும் கனாதாவும் அத்புதுரேயும் பல காலம் 'சிறுவர் இலக்கியம்' அலமாரியில் கிடந்தார்கள். அப்பாக்கள் பிள்ளைக்கென்று வாங்கித் தாங்கள் படித்தார்கள். விமர்சகர்கள் அதையும் செய்யவில்லை. கலப்பைப் பெரியவர் பேச்சாகவே பேசத் துணிந்தவர் நபாருண் பட்டாச்சார்யா. அவருடைய 'ஹர்பர்ட்' செத்தவர்களோடு பேசுவதாகச் சொல்லிப் பிழைக்கும் ஒரு அனாதையின் கதை. நக்சல் இயக்கத்தின் மிச்ச வெடியும் அதில் உண்டு. 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பின்னால் அவர் பறக்கும் அன்றாடங்காய்ச்சிகளைப் படைத்து 'ஃப்யாதாரு' என்று பெயர் வைத்தார். வாசகர்கள் அந்தப் பெயரைத்தான் பிடித்துக்கொண்டார்கள். எவ்வளவு கலகக்காரரானாலும் பெயர் ஒன்று வேண்டியிருக்கிறது. கண்காட்சியின் லிட்டில் மேகசின் பந்தலில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் இதழ்காரர்களுக்கும் இது பொருந்தும், அவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டாலும்.

வானொலியும் கதை விற்கும் என்பதை ரேடியோ மிர்ச்சியின் 'சண்டே சஸ்பென்ஸ்' காட்டியது. 2009இலிருந்து துப்பறிவாளரும் தாந்திரிகரும் விஞ்ஞானியும் ஒரே தலைப்பின் கீழ் ஞாயிறுதோறும் கொல்கத்தாவின் காதில் விழுகிறார்கள்.

ஆங்கிலத்தில் எழுதும் கொல்கத்தாக்காரர்களின் பாடு வேறு. அங்கே பூஜா மலர் இல்லை; இலக்கிய முகவரும் குறியீட்டுப் பட்டியலும் இருக்கின்றன. அமெரிக்கப் புத்தக வணிகத்தின் பைசாக் பட்டியலில் ஒரு நூலுக்குப் பொதுவாக மூன்று குறியீடுகள் வரை தரலாம். ஆனால் கடையில் புத்தகம் எந்த அலமாரிக்குப் போகும் என்பதை முதல் குறியீடுதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. 'அண்மையில் வந்த எந்த இரண்டு புத்தகங்களுக்குப் பக்கத்தில் உங்களுடையதை வைக்கலாம்' என்பது முகவர்களின் வழக்கமான கேள்வி. 'என்னுடையது போல் எதுவுமே வந்ததில்லை' என்று பெருமையாகப் பதில் எழுதுகிறவருக்கு, பெரும்பாலும் பதில் வராது.

அமிதவ் கோஷின் 'தி கல்கத்தா குரோமோசோம்' இதற்கு நல்ல பாடம். நியூயார்க்கில் கணினியோடு மல்லுக்கட்டும் ஒரு எகிப்தியக் குமாஸ்தா, மலேரியா ஆராய்ச்சியாளர் ரொனால்ட் ராஸ் மீது பித்துக்கொண்டு கல்கத்தாவுக்கு வந்து 1995இல் காணாமல் போகும் முருகன் (ஆம், நம் முருகன்தான்), ஆள் அரவமற்ற ரயில் நிலையத்துப் பேய், கொசு. மருத்துவ வரலாறு, மர்மக் கதை, ஆவிக் கதை, வருங்காலக் கதை எல்லாம் உண்டு. புத்தகத்தின் துணைத்தலைப்பு காய்ச்சல், ஜன்னி, கண்டுபிடிப்பு என்று மூன்றைச் சொல்லி நிறுத்திக்கொண்டது. வகை எதையும் சொல்லவில்லை. அறிவியல் புனைவுக்கான ஆர்தர் சி. கிளார்க் விருது 1997இல் அதற்கே போயிற்று. பிற்பாடு 2016இல் 'தி கிரேட் டிரேஞ்ச்மென்ட்' நூலில், தீவிர இலக்கியம் இத்தகைய கதைகளைத் தன் வீட்டுக்கு வெளியே தள்ளிவைத்த வரலாற்றை அவர் கடிந்துகொண்டார். ஏற்கெனவே பெயர் பெற்றவர் கோஷ். அவருடைய பெயரே அந்த நாவலின் முதல் குறியீடாக இருந்தது என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

அப்படிப் பெயர் இல்லாத இளைஞர் என்ன செய்வார்? கொல்கத்தாவின் இந்திரபிரமித் தாஸ் எழுதிய முதல் நாவல் 'தி டெவவரர்ஸ்'. பாவுல் பாட்டு ஒலிக்கும் நிலா இரவில் ஒரு வரலாற்றுப் பேராசிரியர் அந்நியன் ஒருவனைச் சந்திக்கிறார். அவன் தன்னைப் பாதி ஓநாய் என்கிறான். கதை முகலாயர் காலத்துக்குப் போகிறது. 2015இல் பெங்குவின் இந்தியா வெளியிட்டது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் மிகைபுனைவுக்கும் அறிவியல் புனைவுக்கும் பேர்போன டெல் ரே கொண்டுவந்தது. 2017இல் லாம்ப்டா இலக்கிய விருது கிடைத்தது, பாலினச் சிறுபான்மையர் எழுத்துக்கானது அது. ஒரே கதை. ஒவ்வொரு வாசலிலும் வேறு வேறு இழை முன்னால் நின்றது.

தமிழுக்கு வந்தால், சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' இந்த வாசல் கணக்கைச் சரியாகப் போட்டது. பேயா, ஹோலோகிராம் வித்தையா என்று கடைசிவரை ஊசலாடும் கதை அது. ஆனால் குமுதம் வாசகர் வாங்கியது கணேஷையும் வசந்தையும். அவர்கள் இருவரும் உள்ளே போனால் எந்தப் பேய் வீட்டுக்கும் வாசகர் பின்னாலேயே போவார். இந்திரா சௌந்தர்ராஜனின் 'மர்ம தேசம்' தொலைக்காட்சியில் தனிப் பெயராகவே நிலைத்தது.

ப. சிங்காரத்துக்கு அப்படி எதுவும் அமையவில்லை. மதுரையில் தினத்தந்தி வேலை, ஒய்.எம்.சி.ஏ. அறை வாசம். முதல் நாவல் 'கடலுக்கு அப்பால்' கலைமகள் போட்டியில் பரிசு பெற்றதால் வெளியே வந்தது. குந்தலீனைப் போல இங்கும் ஒரு போட்டிதான் வழிவிட்டது. 'புயலிலே ஒரு தோணி'க்கு அந்த வழியும் இல்லை. மெடானிலும் பினாங்கிலும் நடக்கும் போர்க்கதை. இந்திய தேசிய ராணுவம். கொலையும் துரத்தலும் உள்ள சாகசம். மதுரைத் தெருக்களின் நினைவோட்டம். நடுவே பழந்தமிழ் இலக்கியத்தைப் பகடி செய்யும் போதைப் பேச்சு. சாகச வாசகருக்கு இது இலக்கியம். இலக்கிய வாசகருக்கு இது சாகசம். எழுதி முடித்துச் சுமார் பத்தாண்டு கழிந்து, 1972இல்தான் கலைஞன் பதிப்பகம் வெளியிட்டது. அதன் பிறகும் வெகுகாலம் பேச்சில்லை. சிங்காரம் மூன்றாவது நாவல் எழுதவில்லை. இந்த நஷ்டத்தை எந்தப் பதிப்பகத்தின் கணக்கிலும் எழுத முடியாது, ஆனால் நஷ்டம் நஷ்டம்தான்.

சால்ட் லேக்கில் கண்காட்சி மைதானத்தைத் தவிர, இந்த விஷயத்தோடு தொடர்புள்ள இன்னொரு முகவரி டிடி-34, செக்டார் ஒன்று. ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளையின் தலைமையகம். 1972இல் மத்திய அரசு நிறுவியது. மாநில அரசுகளோடு சேர்ந்து நாடெங்கும் பொது நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கித் தருகிறது. தமிழ்ப் பதிப்பாளர்கள் 'லைப்ரரி ஆர்டர்' என்று பேசும்போது சென்னையோடு சேர்ந்து இந்த முகவரியும் அவர்கள் நினைவில் இருக்கும். நூலகத்துக்குப் போன பிறகு புத்தகத்தை யாரும் வகை கேட்பதில்லை. டூயி முறையில் தமிழ்ப் புனைகதைக்கு 894.8113, வங்கப் புனைகதைக்கு 891.443, பேயும் போரும் விஞ்ஞானமும் அதே எண்ணில்தான் அடங்கும். சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் வகுத்த கோலன் முறையில் மொழி, வடிவம், அடுத்து ஆசிரியர் பிறந்த ஆண்டு. அந்தக் கணக்கில் 1920இல் பிறந்த சிங்காரம், 1935இல் பிறந்த சுஜாதாவுக்கு முன்னால் நிற்பார். கலப்பு நாவலுக்குத் தயங்கும் பதிப்பாளர்கள் கடை விற்பனையை மட்டும் பார்த்தே தயங்குகிறார்கள். நூலக ஆணையையும் சேர்த்துப் பார்த்தால் அந்தத் தயக்கத்தில் பாதிக்குக் காரணமே இல்லை. தெரிவுக் குழுவிலும் மனிதர்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களும் பின்னட்டையைத்தான் முதலில் புரட்டுகிறார்கள் என்பது வேறு விஷயம்.